பெயர் மறந்து முகம் நினைவிருக்கும் நடிகர்



தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நாம் ஒருவரையொருவர் முதன்முறையாகச் சந்திக்கும்போது, பெரும்பாலும் ஊரைப் பற்றி விசாரிக்கிறோம். அடுத்தபடியாக, சினிமாவைப் பற்றிப் பேசுகிறோம். அப்படிப் பேசும்போது சில நடிகர்களின் பெயர் நாவில் வராமல் நின்றுவிடுகிறது. "அந்தக் கண்ணாடி போட்ட தாத்தா", "அந்தப் படத்தில் அப்பாவாக வருவாரே, அவர்" என்று கைகளால் சாடை காட்டுகிறோம். எதிரில் இருப்பவர் உடனே தெரிந்துகொள்கிறார். அவருக்கும் பெயர் வருவதில்லை. பெயர் இல்லாமலே இருவரும் மேலே பேசிக்கொண்டு போகிறோம்.

இவ்விதம் பெயர் மறந்து முகம் மட்டும் நினைவில் நிற்கும் நடிகரைக் குணச்சித்திர நடிகர் என்கிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். குணத்தைச் சித்திரமாக எழுதிக் காட்டுபவர் என்பது இதன் பொருள். தெலுங்கர்கள் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டு கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் என்கிறார்கள். நம்மவர்கள் ஆக்கிய சொல் மூலத்தைவிட நன்றாக அமைந்துவிட்டது என்பது என் கருத்து. மொழிபெயர்ப்பில் இது எப்போதோ ஒரு முறைதான் நடக்கும்.

அமெரிக்காவில் இத்தகைய நடிகர்களுக்குத் தனி வரலாறு உண்டு. வால்டர் பிரென்னன் என்பவர் துணைப் பாத்திரங்களில் நடித்தே மூன்று முறை ஆஸ்கார் விருது பெற்றார். துணை நடிகருக்கென்று அவ்விருது ஏற்படுத்தப்பட்டபோது அதை முதலில் பெற்றவரும் அவரே. பின்னர் 1957 முதல் 1963 வரை "தி ரியல் மக்காய்ஸ்" என்னும் தொலைக்காட்சித் தொடரில் பாட்டனாராக வந்து, வாரந்தோறும் வீடுகளுக்குள் நுழைந்தார். தொலைக்காட்சி வந்த பிறகு அந்நாட்டில் இவ்வகை நடிகர்களின் கூட்டமே பெருகியது. ஒரு வாரம் நீதிபதி, மறு வாரம் மருத்துவர், அதற்கடுத்த வாரம் மளிகைக் கடைக்காரர். இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது நம்மவர் ஒருவரைப் பற்றி. அவர் நம்மைப் போலவே பிழைப்பிற்காக வெளிமாநிலம் சென்றவர். இருபதாண்டுக் காலம் போல டில்லியில் வாழ்ந்தவர். மத்திய அரசின் ஊழியர். என் தொழிலையே செய்தவர். பூர்ணம் விஸ்வநாதனைச் சொல்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையின் குடும்பம் அது. 1921இல் பிறந்தார். "பூர்ணம்" என்பதைச் சகோதரர்கள் அனைவருமே தம் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் பூர்ணம் ராமச்சந்திரன். உமாசந்திரன் என்ற புனைபெயரில் எழுதியவர். 1966இல் கல்கி பத்திரிகையின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் பரிசு பெற்ற "முள்ளும் மலரும்" அவர் எழுதியது. 1978இல் மகேந்திரன் அதைத் திரைப்படமாக்கினார். இன்னொருவர் பூர்ணம் சோமசுந்தரம். மாஸ்கோவில் இருந்துகொண்டு ரஷ்ய இலக்கியத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தவர். மலிவு விலையில் கெட்டி அட்டையோடு வந்த அந்தச் சோவியத் நூல்களில் அவர் பெயரைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஒருவர் எழுதினார், ஒருவர் மொழிபெயர்த்தார், ஒருவர் பேசினார். ஒரே வீட்டிலிருந்து தமிழ் மூன்று வாசல்களில் வெளியே சென்றிருக்கிறது.

விஸ்வநாதன் 1940களில் டில்லியில் அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் சேர்ந்தார். 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், நாடு சுதந்திரம் பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. அப்போது அவருக்கு வயது 25. இதைப் படிக்கும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுவேன். அந்தச் செய்தியை அவர் எத்தனை தாளில் எழுதி வைத்திருப்பார், எந்த இடத்தில் மூச்சு விட்டிருப்பார், கை நடுங்கியிருக்குமா என்றெல்லாம் எண்ணம் ஓடும்.

வானொலியில் செய்தி வாசிப்பவர் என்றால், யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர் என்று பலர் எண்ணுகிறார்கள். டில்லியிலிருந்து இந்திய மொழிகளில் செய்தி வாசித்தவர்களின் உத்தியோகப் பெயரே செய்தி வாசிப்பவர்—மொழிபெயர்ப்பாளர் என்பதாகும். செய்தி ஆங்கிலத்தில் துண்டு துண்டாக வந்து சேரும். அதை ஒவ்வொரு மொழிப் பிரிவினரும் தம் மொழியில் ஆக்கிக்கொள்ள வேண்டும். ஒலிபரப்புக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது புதிய தாள் வரும். பழைய தாள் திருத்தப்படும். ஒலிபரப்பு அறையின் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் அதற்கு மேல் யாரையும் எதுவும் கேட்க முடியாது.

இதில் தமிழுக்கென்று தனியானதொரு சங்கடம் உண்டு. ஆங்கில வாக்கியத்தில் யார், என்ன செய்தார் என்பது முதலிலேயே வந்துவிடுகிறது. எங்கே, எப்போது, ஏன் என்பவை பின்னால் தொடர்கின்றன. தமிழிலோ வினைமுற்று கடைசியில் நிற்கிறது. பிரதமர் இன்னாரோடு, இன்ன இடத்தில், இன்ன பொருள் பற்றி என்று அடுக்கிக்கொண்டே போய், பேசினாரா, பேச மறுத்தாரா என்பதைக் கடைசிச் சொல்லில்தான் தெரிவிக்க முடியும். கண்ணால் படிப்பவன் கண்ணை ஓட்டி முடிவைப் பார்த்துக்கொள்வான். காதால் கேட்பவன் காத்திருக்க வேண்டும். ஆகவே வாசிப்பவர் அந்தக் கடைசிச் சொல்வரை கேட்பவரின் கையைப் பிடித்து அழைத்துச் செல்லவேண்டும். மூச்சு முட்டக் கூடாது, குரல் தாழக் கூடாது. நல்ல வாசிப்பாளர்கள் பென்சிலால் தாளில் சிறு சாய்கோடுகள் இட்டுக்கொள்வதுண்டு. மூச்சு விடவேண்டிய இடங்கள் அவை.

பிற்காலத்தில் பூர்ணம் விஸ்வநாதன் நடித்த எந்தக் காட்சியையேனும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். வினைமுற்றுக்குச் சற்று முன்னால் ஓர் இடைவெளி விடுவார். மிகச் சிறியது. அந்த இடைவெளியில் நாம் நம்மையறியாமல் முன்னால் சாய்ந்துவிடுகிறோம். நடிப்புப் பள்ளியில் கற்றது அன்று அது. டில்லியில் தமிழ் வாக்கியத்தை ஒலிபெருக்கியின் முன் நாள்தோறும் சுமந்து சுமந்து வந்த பழக்கம் என்றே நான் நினைக்கிறேன்.

செய்தி வாசிப்பவனுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மகிழ்ச்சியோ துக்கமோ அவன் குரலில் ஏறக் கூடாது. ஏறாமலும் இருக்க முடியாது, அவனும் மனிதன்தானே? அந்த அடக்கத்தின் அடியில் அசையும் சிறு நடுக்கமே பின்னாளில் அவருடைய தந்தைப் பாத்திரங்களின் உயிராயிற்று.

டில்லியில் இருந்த நாட்களிலேயே அவர் மேடையேறினார். பகலெல்லாம் அலுவலகம், மாலையில் ஒத்திகை. வெளிமாநிலத் தமிழர்கள் வாழும் எந்த நகரத்திலும் இதைக் காணலாம். கணக்கர்கள், சுருக்கெழுத்தர்கள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோர் கூடி, வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் ஆண்டுக்கு ஒரு முறை நாடகம் போடுவார்கள். அரங்கத்தில் உட்கார்ந்திருப்போர் அனைவரும் நடிகர்களின் அண்டை வீட்டார்.

1960களில் அவர் சென்னைக்குப் பெயர்ந்தார். அங்கும் அரசுப் பணிதான். மத்திய அரசு வெளியிடும் "திட்டம்" என்னும் தமிழ் இதழின் ஆசிரியப் பொறுப்பிலும் இருந்திருக்கிறார். மெரீனா என்ற பெயரில் எழுதிய பரணீதரனின் "தனிக்குடித்தனம்" முதலிய நாடகங்களில் அவரை மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் நன்கு அறிந்துகொண்டன. நடுத்தரக் குடும்பத்தின் கூடம், சாய்வு நாற்காலி, மருமகள் கொண்டுவந்து வைக்கும் காப்பி, அதில் சர்க்கரை குறைந்ததால் மூளும் ஒரு யுத்தம். இவ்வளவுதான் அந்த நாடகங்களின் உலகம். சிறிய உலகந்தான், ஆனால் அதில் பொய் குறைவு.

அவருடைய மேடை வாழ்க்கையின் உச்சம் எழுத்தாளர் சுஜாதாவோடு அவர் சேர்ந்த பிறகு வந்தது. சுஜாதாவும் நம் கட்சிதான் என்பதைக் கவனியுங்கள். ரங்கராஜன் என்ற இயற்பெயரோடு பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிந்துகொண்டு, தமிழில் எழுதியவர். அவருடைய "கடவுள் வந்திருந்தார்", "ஊஞ்சல்", "அடிமைகள்", "டாக்டர் நரேந்திரனின் விநோத வழக்கு" முதலிய நாடகங்களை விஸ்வநாதனின் குழு மேடையேற்றியது. "கடவுள் வந்திருந்தா"ரில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற சீனிவாசன் என்பவர் முன்னால் எதிர்காலத்து மனிதன் ஒருவன் தோன்றுகிறான். அவன் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். வெற்று நாற்காலியோடு பேசும் மனிதரை வீட்டார் என்னவென்று நினைப்பார்கள்? விஞ்ஞானக் கதை போல் தோன்றினாலும், ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் செல்லாக் காசாகிவிடும் ஓர் அரசு ஊழியரின் கதைதான் அது. விஸ்வநாதன் அந்த வெற்று நாற்காலியை உற்றுப் பார்த்துப் பேசும்போது, அங்கே ஒருவன் உட்கார்ந்திருப்பதாகவே அரங்கம் நம்பியது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இலட்சம் பேரிடம் பேசிப் பழகியவருக்கு அது கடினமாக இருந்திராது.

சினிமாவில் அவர் பெயர் பெற்றது வயது அறுபதை நெருங்கிய பிறகு. 1980இல் கே. பாலசந்தரின் "வறுமையின் நிறம் சிவப்பு" வெளிவந்தது. டில்லியில் வேலை தேடி அலையும் தமிழ் இளைஞர்களின் கதை. அதே படம் தெலுங்கில் "ஆகலி ராஜ்யம்" என்று 1981இல் வந்தது. இங்கே ஹைதராபாத்தில் என் வயதுக்கு மூத்த தெலுங்கு நண்பர்கள் அதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் படத்தில் பாரதியார் நின்ற இடத்தில் அவர்களுக்கு ஸ்ரீஸ்ரீ. தமிழ்ப் படத்தில் கதாநாயகனின் தந்தையாக வருபவர் விஸ்வநாதன். ஆசாரமும் சங்கீதமும் நிறைந்த மனிதர். மகனைத் தேடி டில்லிக்கு வந்தவர், அவனை ஒரு முடிதிருத்தும் நிலையத்தில், கையில் கத்தியோடு காண்கிறார். டில்லித் தமிழ் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் அந்தத் தந்தையாக நிற்கிறார் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு அக்காட்சியை மறுபடி பார்த்தேன். முன்னைவிடக் கனமாக இருந்தது.

அதற்குப் பிறகு படங்கள் பல. "தில்லுமுல்லு", "வருஷம் பதினாறு", "புதுப்புது அர்த்தங்கள்", "ஆசை" என்று சொல்லிக்கொண்டே போகலாம். "புதுப்புது அர்த்தங்க"ளில் அவரும் சௌகார் ஜானகியும் வயதான தம்பதியராக வந்து கதாநாயகனின் துயரத்திற்கு நடுவே ஒரு சின்னச் சிரிப்பை ஏற்றி வைக்கிறார்கள். 1994இல் "மகாநதி"யில் சிறையில் கமல்ஹாசனுக்குத் துணையாக நிற்கும் பஞ்சாபகேசன். அந்தப் படத்தின் இருட்டில் ஓர் அகல் விளக்கு போன்ற பாத்திரம் அது.

எல்லாமே நன்றாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். ஒரு நடிகர் தந்தையாக நன்றாக நடித்துவிட்டால் அவரை ஆயுள் முழுவதும் தந்தையாகவே நிறுத்திவிடுவது நம் சினிமாவின் சோம்பேறித்தனம். பல படங்களில் அவருக்குக் கொடுக்கப்பட்டது ஒரு மூக்குக் கண்ணாடியும் ஒரு துண்டும் மட்டுமே. சில காட்சிகளில் மேடைப் பழக்கம் மீறிக்கொண்டு வந்து, கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டிய குரலில் அருகில் நிற்பவரிடம் பேசுகிறார். அவரை நேசிப்பவர்களும் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் "கேளடி கண்மணி"யை நினைத்துக்கொண்டால் இந்தக் குறையெல்லாம் மறைந்துவிடுகிறது. வசந்த் இயக்கி 1990இல் வந்த படம். அதில் ராதிகாவின் பெற்றோராக ஸ்ரீவித்யாவும் விஸ்வநாதனும் வருகிறார்கள். இருவரும் காது கேளாத, வாய் பேசாத தம்பதியர். சுதந்திரச் செய்தியை வாசித்த குரலை வைத்துக்கொண்டு, அதை ஒரு சொல்கூடப் பயன்படுத்தாமல் நடிக்க ஒப்புக்கொண்டார் அம்மனிதர். விரல்கள் பேசுகின்றன; புருவம் பேசுகிறது. வினைமுற்றுக்கு முன் வரும் அந்தச் சிறு இடைவெளி அங்கும் இருக்கிறது. கைகள் அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பிறகு சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கின்றன.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது திருமுல்கேரியில், லால் பஜாருக்கு அருகில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில். தந்தையார் 1974இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மத்திய அரசு வேலையாக இங்கே வந்தவர். வாடகைக்கு வாங்கிய வீடியோ கேசட்டை நான்கு குடும்பங்கள் சேர்ந்து பார்த்தோம். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும். தெருவில் தெலுங்கும் உருதுவும். தமிழ் வீட்டிற்குள் மட்டும். ழகரம் என் நாவில் நிற்காது. அப்பா மாலையில் டில்லித் தமிழ்ச் செய்தியை வைப்பார். சில நாட்களில் பாதி இரைச்சல்தான் கேட்கும். இருந்தாலும், "வாயை மூடிக்கொண்டு கேள். அவர்கள் எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று மட்டும் கவனி" என்பார். அன்றைக்குப் படம் பார்த்துக்கொண்டிருந்தபோதும் என்னைத் தட்டி, "இந்த மனிதர் செய்தி வாசித்தவர், தெரியுமா? இப்போது ஒரு வார்த்தை பேசுகிறாரா, பார்" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

இருபத்தைந்தாம் வயதில் அரசு உத்தியோகம் கிடைத்தது. ஒருவர் எழுதியதை, மற்றொருவர் கையொப்பமிடுவதற்காக, வேறொரு மொழியில் எழுதித் தருவது என் தொழில். அதில் என் பெயர் எங்கும் வராது. மூன்றாம் ஆண்டிலேயே எனக்குச் சலித்துவிட்டது. நாடகத்தில் ஆசை மிகுந்து, வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அப்பா கோபிக்கவில்லை. "பூர்ணம் விஸ்வநாதன் வேலையை விட்டுவிட்டா நடித்தார்? முதலில் இங்கே ஒரு நாடகத்தில் நடித்துக் காட்டு, பார்க்கலாம்" என்றார்.

நடித்தேன். செகந்திராபாத்தில் ஒரு சிறு மண்டபத்தில், தமிழ் அன்பர்கள் நூறு பேர் முன்னால், எழுபது வயதுக் கிழவர் வேடம். முதுகை வளைத்தேன், குரலை நடுக்கினேன், கைத்தடியைத் தட்டினேன். அரங்கம் சிரித்தது, சிரிக்கக் கூடாத இடத்தில். திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கிய பிறகு, "எந்தக் கிழவனடா கிழவனாக நடிக்கிறான்? அவன் இளைஞன் மாதிரி நடக்கத்தானே பார்க்கிறான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். மறுநாள் நான் வழக்கம்போல் அலுவலகம் சென்றேன். அந்த ராஜினாமாக் கடிதத்தைப் பின்னர் எழுதவே இல்லை. அது சரியா, தவறா என்று இன்றும் சில இரவுகளில் எனக்குள் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு ஒரே மாதிரி வருவதில்லை.

2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுஜாதா காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் பூர்ணம் விஸ்வநாதன் சென்னையில் மறைந்தார், வயது 86. அன்று மாலை நான் வீடு திரும்பியபோது, தந்தையார் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தார். பெட்டி வேலை செய்யவில்லை. அது பழுதாகி வெகுநாட்கள் ஆகியிருந்தன. "அவர் போய்விட்டாராம்" என்றார். நான் எவர் என்று கேட்கவில்லை.

இப்போது தந்தையாருக்கு எண்பது வயதைத் தொடப்போகிறது. இருக்கும்போதே நம் பிள்ளைகள் ஒரு தமிழ் நாடகத்தைப் படித்துக் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். திருமுல்கேரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் ஆறு பேர் கூடுகிறோம். மேடை இல்லை, ஒப்பனை இல்லை. வட்டமாக உட்கார்ந்து "கடவுள் வந்திருந்தா"ரைப் படிக்கிறோம். இளையவர்கள் நால்வருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. உங்களில் பலர் வீட்டிலும் நிலைமை இதுதான் என்று அறிவேன். ஆகவே அவர்களுடைய பகுதிகளைத் தெலுங்கு எழுத்தில் பெயர்த்து எழுதிக் கொடுக்கிறேன். தெலுங்கில் ழகரத்துக்கு எழுத்து இல்லை. அந்த எழுத்து வரும் இடங்களில் மட்டும் தமிழ் "ழ"வைச் சிவப்பு மையில் இட்டுவிடுகிறேன். தெலுங்கு வரிகளின் நடுவே அது தனியாக, ஊருக்குப் புதிதாக வந்தவனைப் போல் நிற்கிறது.

சீனிவாசன் பாத்திரத்தை என் மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். வயது பதினான்கு. கிழவர் குரல் வேண்டாம், உன் குரலிலேயே படி என்று சொல்லியிருக்கிறேன். சென்ற ஞாயிறு நீண்டதொரு வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கி நின்றுவிட்டு, "அப்பா, இதில் எங்கே நிறுத்துவது?" என்றாள். நான் பென்சிலை எடுப்பதற்குள், சாய்வு நாற்காலியிலிருந்து தந்தையார் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். தெலுங்கு எழுத்து அவருக்குப் படிக்க வராது. அவளை மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே, விரலால் ஒவ்வோர் இடமாகக் காட்டச் செய்து, மூன்று சாய்கோடுகள் போட்டுக் கொடுத்தார்.